ஒரு முழம் ஒயர்

கண்ணு,

ஈரோடு தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று உறையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் பிரித்தால் நீ இறங்கி அடுத்த வண்டியில் திரும்பி வந்துவிடுவாய் என்று பயம். பிள்ளை திரும்பி வந்தால் அப்பனுக்குச் சந்தோஷம்தானே, இதில் என்ன பயம் என்று கேட்பாய். வந்து என் முகத்தைப் பார்ப்பாயே, அதுதான் பயம். ஐம்பத்தாறு வயதில் ஒருவன் தான் பெற்ற பிள்ளையின் முகத்துக்குப் பயந்து, வண்டி எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போகும் என்று விசாரித்துவிட்டுக் கடிதம் எழுதுகிறான். தூ.

பிள்ளைக்கு அப்பன் எழுதுகிற கடிதம் என்றாலே எனக்குக் குமட்டும். வாரப் பத்திரிகையில் வந்தால் உன் அம்மா சத்தம்போட்டுப் படிப்பாள். மகனே, உழைப்பே உயர்வு, பெற்றவளை மறவாதே, சிக்கனமாக இரு. எழுதுகிற எல்லா அப்பனும் மகாத்மாவாகவே இருக்கிறான், ஒருவன்கூடத் திருட்டுமுழி முழிப்பதில்லை. நானும் இப்போது அதே மாதிரி உட்கார்ந்து பேனாவைத் திறந்திருக்கிறேன். நீ கேட்ட ரேடியோ ஆண்டனா விஷயமாக உனக்குச் சொல்ல வேண்டிய புத்தி நாலைந்து உண்டு, அதையும் ஊடே சொல்லிவிடுவேன். ஆனால் உட்கார்ந்ததன் காரணம் நான் செய்த ஓர் அசிங்கம். செய்து ஏழு வருஷம் ஆகிறது. அதன் நாற்றம் எனக்கு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, போன மாதம் நீ ஒரு வார்த்தை சொன்னாயே, அன்றிலிருந்து தாங்க முடியவில்லை.

நீ மனுப் போட்டிருந்த பம்ப் கம்பெனியிலிருந்து உனக்கு ஆப்பிரிக்கா வேலைக்கு உத்தரவு வந்த அன்று, துடியலூர்க் கடையில் நானும் நீயும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தோம். ஆழ்குழாய்க் கிணறுகளில் மோட்டார் இறக்கிக் கொடுக்கும் வேலை, இரண்டு வருஷம் என்று சொன்னாய். பிறகு கையிலிருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே, "ஏனுங்ப்பா, அங்க ஒரு எடத்துல பத்து நாளு, இன்னொரு எடத்துல பத்து நாளுன்னு டெண்ட்லயேதான் இருக்கோணுமாமுங்க. தமிழ் கேக்கோணும்னா ரேடியோ ஒண்ணுதானுங்க. மடிச்சுக் கொண்டுபோற மாதிரி ஷார்ட்வேவ் ஆண்டனா ஒண்ணு நீங்களே பாத்து வாங்கிருங்க" என்றாய். "கடையில எதுக்கு வாங்கறது, நீயே ஒண்ணு செஞ்சுக்கோ" என்றேன். நீ சிரித்தாய். "எனக்கு அது கைவராதுங்ப்பா. நீங்கதான் பாத்தீங்களே" என்றாய்.

கைவராது என்றாய். தொண்ணூறு அடி ஆழத்தில் மாட்டிக்கொண்ட மோட்டாரைச் சத்தத்தை வைத்தே எங்கே பிடித்திருக்கிறது என்று சொல்லும் கை. பொள்ளாச்சியிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வந்து, "மாஸ்டர் வேண்டாமுங்க, பையனையே பாக்கச் சொல்லுங்க" என்று என் முகத்துக்கு நேரே சொல்லுகிறார்கள், அந்தக் கை. அதற்கு ஒரு ஒயர் ஆண்டனா கைவராது என்று ஏழு வருஷமாக நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அதை உனக்கு நம்பவைத்தவன் நான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் கடை கடையாக நான் ஏறி இறங்கிய கதையைக் கேள். உனக்குச் சொல்லாமல் மூன்று தடவை டவுன்ஹால் பக்கம் போய் வந்தேன். முதல் கடையில் ஷார்ட்வேவ் என்றதும் அந்தப் பையன் என்னைக் கற்காலத்து ஆள் மாதிரி பார்த்து, "சார், இப்ப எல்லாம் கேபிள்தான் சார்" என்று டிஷ் ஆண்டனா விலைப்பட்டியலை நீட்டினான். இரண்டாவது கடையில் ஒருவர், குடைக்கம்பி மாதிரி நீளும் ஒரு குச்சியை மூன்று நிறத்தில் எடுத்து வைத்து, எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். கேட்கிறதா கேட்காதா என்று சோதித்துப் பார்க்கக் கடையில் ஒரு ரேடியோ கிடையாது, நிறம் மட்டும் மூன்று உண்டு. மூன்றாவது கடையில்தான் என் பழைய நண்பனைப் பார்த்தேன். ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, மேலே ஒரு குச்சி, முன்னால் ஒரு விளக்கு. அந்தக் காலத்தில் சிவப்பாக எரிந்தது, இப்போது பச்சையாக எரிகிறது. ஏழு வருஷத்தில் அந்த மோசடியில் நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான். "அண்ணா, இது ஃபாரின் சரக்குங்க. லண்டன்ல ஒருத்தன் தும்முனாக்கூட உங்கூட்ல கேக்குமுங்க" என்றான் கடைக்காரன். ஏழு வருஷத்துக்கு முன்னால் அதை என் தலையில் கட்டினவனும் இதையேதான் சொன்னான். தும்மல் உட்பட.

உனக்கு அந்தப் பெட்டி நினைவிருக்கும். நீ பன்னிரண்டாவது எழுதிவிட்டுப் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வருஷம். வானொலி நேயர்கள் கூட்டம் என்று மாதம் ஒரு ஞாயிறு போய்வருவாய். வெளிநாட்டு நிலையங்களுக்கு, உங்கள் ஒலிபரப்பு இன்ன நாளில் இன்ன மணிக்கு எங்கள் ஊரில் இப்படிக் கேட்டது என்று எழுதிப்போடுவாய், அவர்கள் வண்ண அட்டை அனுப்புவார்கள், அதைக் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக வைத்திருப்பாய். எனக்கு அதில் பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. சாப்பிடும்போது நீ பேசுவதெல்லாம் அலைவரிசை, அலைநீளம். நான் முப்பது வருஷம் கம்பி சுற்றியவன், என்னிடம் நீ கேட்க எதுவும் இல்லாமல் போயிற்று. அதனால்தான் ஒரு நாள் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். கடையில் நாலு பேர் இருக்கும்போது உன் முன்னால் வைத்து, "இந்தா, உன்ர ஆண்டனா. ஜப்பான்காரன் செஞ்சது" என்றேன்.

நீ அதை உன் ரேடியோவில் மாட்டினாய், கழற்றினாய், மறுபடி மாட்டினாய். பிறகு என் ஸ்குரூ டிரைவரையே எடுத்துத் திறந்தாய். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்ன விளக்கு, இரண்டு விரற்கடை ஒயர். ஒயர் எதிலும் சேராமல் சும்மா கிடந்தது. கனம் வேண்டும் என்பதற்காக ஒரு இரும்புத் துண்டைப் பசைபோட்டு ஒட்டியிருந்தான். நீ சிரித்துவிட்டாய். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை, பதினெட்டு வயதில் அதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மோட்டார் கொண்டுவந்திருந்த ஒரு தோட்டக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, "ஏனுங் மாஸ்டரே, மோட்டாருக்குள்ள என்ன கோளாறுன்னு வெளிய நின்னே சொல்லுவீங்க. இந்தப் பொட்டிக்குள்ள பாக்காம உட்டுப்போட்டீங்களே!" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே பற்றி எரிந்தது. ஏமாற்றினவன் டவுன்ஹாலில் இருக்க, எனக்கு ஆத்திரம் உன் மேல் வந்தது. இப்போது எழுதும்போதே என்னைப் பார்த்து எனக்குச் சீ என்று வருகிறது.

அடுத்த வாரமே நீ உன் சொந்த ஆண்டனாவைச் செய்தாய். மில்லில் நூல் சுற்றும் காலிக் கோன் ஒன்றை எடுத்து, அதில் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சுற்றுகிற, பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பியை வரிசையாகச் சுற்றினாய். ஒரு முனையில் ரேடியோக் குச்சியைக் கவ்வ ஒரு கிளிப், மறுமுனையில் கயிறு, கயிற்றின் நுனியில் கல்லைப் போட்டுக் கட்ட ஒரு துணிப் பை. கல்லை மரக்கிளைக்கு மேல் வீசினால் ஒயர் தானே விரிந்து மேலே போகும். வேலை முடிந்தால் கோனில் சுற்றிப் பைக்குள் போட்டுவிடலாம். முப்பது அடிக்கு மேல் வேண்டாம், சின்ன ரேடியோவுக்கு அதிகம் போனால் எல்லா நிலையமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்று உன் நோட்டில் கணக்குப் போட்டு எழுதியிருந்தாய். சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் முருங்கை மரத்தில் வீசி மாட்டிக் கேட்டாயே, கேட்டதும் நீ அம்மாவைக் கூப்பிட்டாய், என்னைக் கூப்பிடவில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிறு, தடாகம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நேயர்கள் கூட்டம். ஆளுக்கொரு கையடக்க ஆண்டனா செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும். "நீங்களும் வாங்கப்பா" என்று நீயேதான் கூப்பிட்டாய்.

ஞாயிறு காலை நீ குளிக்கப் போயிருந்தாய். கோன் மேசை மேல் இருந்தது. நான் கிளிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒயரைப் பிடித்தேன்.

சப்மெர்சிபிள் கம்பியின் குணம் உனக்கு இன்று தெரியும், அன்று அவ்வளவு தெரியாது. ஒரே இடத்தில் முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் மடக்கினால் உள்ளே செம்பு முறிந்துவிடும், மேலே உறை அப்படியே இருக்கும். இழுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஒரு மோட்டாரையே இப்படி ஒரு முறிவு தின்றுவிடும் என்பதால்தான், சுற்றுவதற்கு முன்னும் பின்னும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கிறோம். இரண்டு முனையிலும் தொட்டால் பல்பு எரிய வேண்டும், எரியாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. தொழிலில் எதை வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், மோட்டார் நாளை தயார் என்று ஒரு மாதம் பொய் சொல்லலாம். லாம்ப் வைத்துப் பார்த்தேன் என்று மட்டும் பார்க்காமல் சொல்லக் கூடாது. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

நான் மடக்கினேன். எண்ணி மடக்கினேன். உன் அம்மா காப்பி டம்ளரோடு வந்து, "ஏனுங்க, என்னத்துக்குங்க அந்த ஒயரப் போட்டு அந்தப் பாடு படுத்தறீங்க?" என்று கேட்டாள். "முறுக்கு எடுக்கறேன்" என்றேன். முறிந்தது விரலுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் உறை கொஞ்சம் வெளுத்திருந்தது, எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.

உன்னை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இதை நீ நம்பினாலும் சரி நம்பாவிட்டாலும் சரி. என் திட்டம் அதைவிடக் கேவலமானது. தோப்பில் உன் ரேடியோ கேட்காது. நீ முழிப்பாய். எல்லாரும் முழிப்பார்கள். அப்போது நான் பையிலிருந்து டெஸ்ட் லாம்பை எடுப்பேன், மோட்டார் ரூமில் கரண்டு இருக்கும், வைத்துப் பார்த்து, இதோ உள்ளே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, வெட்டி இணைத்துக் கொடுப்பேன். ரேடியோ பாடும். அப்பன்னா அப்பன்தான் என்று நீ எல்லார் முன்னாலும் என்னைப் பார்க்க வேண்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது. லாம்பைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் உன்னோடு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தார்கள். ஒருவர் பழைய குடைக்கம்பியில் ஒயரைப் பின்னிக் கொண்டுவந்திருந்தார், விரித்தால் ஆண்டனா, மடக்கினால் குடை. நன்றாகவே கேட்டது. இன்னொருவர் தூண்டில் கழி. உன் முறை வந்தது. கல்லை ஒரே வீச்சில் தோப்போரத்து வேப்பங்கிளைக்கு மேல் போட்டாய், எல்லாரும் கை தட்டினார்கள். கிளிப்பை மாட்டினாய். இரைச்சல் மட்டும் வந்தது. திசை மாற்றினாய், உயரம் மாற்றினாய், மறுபடி வீசினாய். குடைக்காரர் தன் ஆண்டனாவை உன் ரேடியோவில் மாட்டினார், கணீரென்று கேட்டது. ஆக ரேடியோவில் குற்றமில்லை. உன் காது சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஏனுங்ப்பா, ஒயர்ல உள்ள கட் ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா?" என்று கேட்டாய்.

நான் காத்திருந்த வார்த்தை. பைக்குள் கையும் போய்விட்டது. அதற்குள் அந்தக் குடைக்காரர் கீழே உட்கார்ந்து, கிளிப்பிலிருந்து ஆரம்பித்து ஒயரை விரலால் உருவிக்கொண்டே வர ஆரம்பித்தார். விஷயம் தெரிந்த கை. இன்னும் நாலு விரற்கடை போனால் வெளுத்த இடம். இது தானாக முறிந்ததல்ல, யாரோ மடக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். வாய் தானாகத் திறந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காத்தால நானே லாம்ப் வெச்சுப் பாத்தேன். ஒயர் நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். எதற்கும் மோட்டார் ரூமில் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று தயங்கித்தான் கேட்டார். அதற்கு நீ சொன்ன பதில் இன்றுவரை என் காதில் இருக்கிறது. "வேண்டாமுங்க. அப்பா பாத்தாச்சுன்னா பாத்தாச்சுங்க. என்ர கணக்குலதான் தப்பு."

அப்போதாவது லாம்பை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீ உன் ஒயரை வரிசை கலையாமல் கோனில் சுற்றினாய். திரும்பி வரும் பஸ்ஸில், "உங்களைக் கூட்டிட்டு வந்து உங்களுக்குத்தானுங்ப்பா தலைகுனிவாப் போச்சு" என்றாய். என் மடியில் பை இருந்தது, பைக்குள் லாம்ப் இருந்தது. நான், "போகுது உடு கண்ணு" என்றேன். பெருந்தன்மை!

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். வீட்டில் முருங்கை மரத்தில் இரண்டு நாள் முயன்று பார்த்தாய். சனிக்கிழமை கேட்டது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டினாய். ஒயரில் குற்றம் தேடவே இல்லை, அப்பா பார்த்தாச்சே. நோட்டில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தாய், கோனை மேலே அட்டாலிப் பரணில் தூக்கிப் போட்டாய். பாலிடெக்னிக் விண்ணப்பம் கடைசி நாள் தாண்டி என் கடை மேசையிலேயே கிடந்தது. ஒரு நாள் அதைத் திருப்பிப் போட்டு ஒரு மோட்டாரின் சுற்று எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தாய். "என்ரா, அது காலேஜ் பாரம் இல்லையா?" என்று கேட்டேன். "எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் நமக்கு ஆகாதுங்ப்பா. கம்பி சுத்தறது போதும்" என்றாய். கடைக்கு எனக்கு ஓர் ஆள் கிடைத்தாயிற்று. ஊரில் எல்லாரும், பையன் அப்பன் சொல் தட்டாமல் தொழிலுக்கு வந்துவிட்டான், கொடுத்து வைத்தவர் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் நானும் சிரித்துத் தலையாட்டினேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை. உன் உழைப்பில் ஏழு வருஷம் சோறு தின்றேன்.

போன புதன்கிழமை, அந்தப் பச்சை விளக்குக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்து, அட்டாலியில் ஏறிக் கோனை எடுத்தேன். நீ கடையில் இருந்தாய். லாம்ப் வைத்தேன், பல்பு எரியவில்லை. கிளிப் பக்கம் ஒரு முழம் அளந்து வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி வைத்தேன். எரிந்தது. கிளிப்பை மாட்டிக் கல்லைக் கட்டி முருங்கை மேல் வீசினேன், எனக்கு ஐந்தாவது வீச்சில்தான் போயிற்று. பக்கத்து வீட்டு டிவியில் எவளோ சீரியலில் அழுதுகொண்டிருந்தாள். உன் ரேடியோவைத் திருப்பினேன். ஆறு மணிக்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண், வணக்கம் நேயர்களே என்றாள், நம் வீட்டுக் கிணற்றடியில் நின்று சொல்வது போல அவ்வளவு தெளிவு. ஏழு வருஷத்துக்கு முன்னால் நீ சுற்றிய அதே ஒயர், அதே கணக்கு. ஒரு எண் தப்பில்லை. நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அழுகிற கிழவனைப் பார்த்தாலும் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அழுதேன்.

உன் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். ரேடியோவைப் பார்த்தாள், கீழே கிடந்த ஒயர்த் துண்டைப் பார்த்தாள். "அன்னிக்கு முறுக்கு எடுத்தீங்களே, அந்த ஒயருங்களா இது?" என்றாள். அவளுக்கு எப்போது புரிந்தது என்று நான் கேட்கவில்லை. "பையன் கடல் தாண்டிப் போறானுங்க. உங்களுக்கு வெக்கமா இருக்குதுன்னு அவன் தன்ர கை ஆகாத கைன்னு நெனச்சுட்டே போகோணுமுங்களா? சொல்லிப்போடுங்க" என்றாள். நேரில் சொல்ல முடியவில்லை. மூன்று நாள் கடையில் உன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினேன். நேற்றுக்கூட, "என்னுங்ப்பா, ஏதோ சொல்ல வந்தீங்க" என்று நீயே கேட்டாய். துத்தநாகப் பவுடர் தீர்ந்துவிட்டது என்றேன். நம் கடையில் அதை எப்போது வாங்கியிருக்கிறோம்?

ஆண்டனா உன் பெட்டியில் வலது ஓரத்தில், அம்மா வைத்த பருப்புப்பொடி டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. உன் கோன், உன் ஒயர். நான் செய்தது ஒரு முழம் வெட்டினது மட்டும், அந்த அளவுக்கு நீ கணக்கைச் சரிபார்த்துக்கொள். டெண்டின் இரும்புக் காலில் கட்டாதே, மரம் இல்லாத ஊர் என்றால் மூங்கில் நட்டுக்கொள். ஜெனரேட்டர் பக்கத்தில் விரித்தால் அதன் இரைச்சல்தான் கேட்கும், நாற்பது அடியாவது தள்ளிப் போ. இடி மின்னல் என்றால் கழற்றிவிடு, சினிமாப் பாட்டுக்காக உயிரை விடாதே. எவனாவது விளக்கு எரிகிற பெட்டியைக் காட்டினால் முதலில் திறந்து பார், அவன் முன்னாலேயே சிரி. இரண்டு வருஷம் கழித்து வரும்போது மறுபடி இந்தக் கடையில்தான் வந்து உட்கார வேண்டும் என்று இல்லை. பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பு இருக்கிறதாம், வயது தடையில்லையாம், விசாரித்துவிட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் விசாரித்தேன் என்பதற்காகப் போகாதே.

என்னை மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், படித்தால் வாரப் பத்திரிகை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். மன்னிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான். திட்டி எழுது, அம்மாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த உறைக்குள் வெட்டிப்போட்ட அந்த ஒரு முழத்தையும் வைத்திருக்கிறேன். கையில் எடுத்து உருவிப் பார், கொஞ்சம் வெளுத்திருப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. பருப்புப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் துண்டில் சுற்றி என் டெஸ்ட் லாம்பும் இருக்கிறது, அன்றைக்குப் பையில் இருந்த அதே லாம்ப், அதே துண்டு. போய்ச் சேர்ந்ததும், கரண்டு இருக்கிற இடத்தில், ஆண்டனாவை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு முனையிலும் வைத்துப் பார். ஒயர் நன்றாக இருக்கிறது என்று இதில் எழுதியிருக்கிறேன். அப்பா பாத்தாச்சு என்று விட்டுவிடாதே கண்ணு. நீயே பார்.